303 உதை தாங்கலை: கோளாறு ரைபிளிலா, பிடிக்கிற விதத்திலா?

#1 லயத்துக்குருவி (சுங்கை சிப்புட்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் சுடும் சங்கத்துப் பெயரில் உரிமம் உள்ள லீ என்ஃபீல்டு 303 ரைபிள் இரண்டு: ஒன்று நம்பர் 4, இன்னொன்று நம்பர் 5. தோட்டா இரண்டுக்கும் ஒன்றுதான், 174 கிரெய்ன் குண்டு. நம்பர் 4-இல் 20 தோட்டா போட்டாலும் தோள் உதையைத் தாங்குது. நம்பர் 5-இல் பத்தைத் தாண்டினால் தோளில் நீளமாகச் சிவந்து கன்றிப்போகுது, அடியும் வட்டத்துக்குக் கீழே இறங்குது. மேசையில் உட்கார்ந்து 100 மீட்டர். உதை தாங்கும் மெத்தை, அதான் பேட், வாங்கி மாட்டினால் தீருமா, இல்லை வேறு எதையாவது முதலில் பார்க்கணுமா?

#2 கிராணி_கணக்கு

தம்பி, பேட் வாங்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

174 கிரெய்ன் என்றால் 11.3 கிராம். பழைய மார்க் 7 தோட்டாவின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 744 மீட்டர். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் 8.4. வெடிமருந்தும் வாயுவாகிக் குழல் வழியாகத்தான் போகிறது: 2.4 கிராம், வேகம் சுமார் 1300, ஆக 3.1. மொத்த உந்தம் 11.5. இதைத் துப்பாக்கியின் எடையால் வகுங்கள். நம்பர் 4 ஏறக்குறைய 4.1 கிலோ, விநாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும், 16 ஜூல். நம்பர் 5 ஏறக்குறைய 3.2 கிலோ. குழல் குட்டை என்பதால் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும். அதையும் கழித்துப் பார்த்தால் விநாடிக்கு 3.5 மீட்டர், 19.5 ஜூல்.

ஆற்றலில் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நீங்கள் சொல்வது இரண்டு மடங்கு வலி மாதிரி இருக்கிறது. மிச்ச வலி எடையிலிருந்து வரவில்லை, வேறு எங்கிருந்தோ வருகிறது.

#3 குறிமேடை

அந்த "வேறு எங்கிருந்தோ" நம்பர் 5-இன் பட்டில், அதாவது தோளில் வைக்கும் பின்கட்டையில், இருக்கிறது. 1944 முதல் 1947 வரை செய்த ரைபிள் இது. மலாயா அவசரகாலத்தில் நம் காடுகளில் பிரிட்டிஷ் படை தூக்கித் திரிந்த ஜங்கிள் கார்பைன் இதுதான். எடையைக் குறைக்கக் குழலிலும் உடலிலும் (குழல் பொருந்தும் உலோகப் பகுதி) இரும்பைக் கடைந்து எடுத்தார்கள், முன்கட்டையை வெட்டினார்கள். உதை கூடும் என்று தெரிந்தே பட்டில் ஒரு ரப்பர் பேட் வைத்தார்கள். அந்த பேட்டுக்கு இரண்டு குறை. ஒன்று, நம்பர் 4-இன் தகட்டைவிட அகலம் குறைவு. அதே உதை சின்ன இடத்தில் இறங்குவதால்தான் தோளில் அச்சு விழுகிறது. இரண்டாவது, எழுபத்தைந்து வருடத்துக்கு மேலான ரப்பர். அது இப்போது ரப்பர் இல்லை, மரக்கட்டை.

சோதனை எளிது. கட்டைவிரல் நகத்தை பேட்டில் அழுத்துங்கள். நகத்தடம் விழுந்து மெதுவாக மறைந்தால் உயிர் இருக்கிறது. தடமே விழாவிட்டால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. மேல்தோல் வெடித்து மாவாக உதிர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம்பர் 5-க்கு என்று அதே அச்சில் புதிதாக வார்த்த பேட் கிடைக்கிறது, இரண்டு திருகுதான். பழையதைத் தூக்கி எறியாமல் பையில் போட்டு வையுங்கள்.

முனையில் கூம்பு மாதிரி இருப்பதைப் பார்த்துச் சிலர் உதையைக் குறைக்கும் சாதனம் என்று நினைக்கிறார்கள். அது தீப்பிழம்பை மறைப்பதற்கு மட்டும்.

#4 ஒத்தக்குழல்

எதுக்கு இவ்வளவு செலவு? சிலிப்பர் ஜெப்பானை (ரப்பர் செருப்பு) வெட்டி பட்டுல வெச்சு சைக்கிள் டியூபால இறுக்கிக் கட்டுனா வேலை முடிஞ்சது. தோட்டத்துல பன்றி சுடுறவங்க பாதிப்பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க.

#5 குறிமேடை

சைக்கிள் டியூப் நல்ல யோசனை, சிலிப்பர் இல்லை. சிலிப்பர் நுரைக்குள் முழுக்கக் காற்றறைகள். முதல் உதையில் பாதி தூரம் மெத்தென்று இறங்கும், பிறகு அடிதட்டிவிடும். அடிதட்டிய நுரைக்கும் வெறும் தகட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அதற்குள் ரைபிள் வேகம் பிடித்துவிட்டதால் சில சமயம் வெறும் பட்டை இறுக்கிப் பிடித்ததைவிட மோசமாக இடிக்கும். நாலைந்து சுடலுக்குப் பிறகு நுரை சப்பையாகி நிமிராது.

பால்மரத்து ஊரில் இருந்துகொண்டு சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: நல்ல தோட்டத்து ரப்பரும் இந்த வேலைக்குத் தனியாக ஆகாது. இயற்கை ரப்பரின் பெருமையே வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பது. பந்துக்கு அது நல்லது, தோளுக்கு அல்ல. உதையை உள்ளே வாங்கிச் சூடாக்கிக் கரைக்கும் பொருள்தான் வேண்டும். சோர்போத்தேன் என்று விற்பது அந்த வகை. கையில் அமுக்கிவிட்டால் பட்டென்று துள்ளாமல் சோம்பேறித்தனமாக நிமிரும். கடையில் பேட்டை வாங்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டும், மேலே அச்சடித்திருக்கும் படத்தை அல்ல.

இன்னொன்று. பாலியுரேத்தேன் பேட்டுகள் சில நம் ஊர் ஈரத்தில் ஐந்தாறு வருடத்தில் பிசுபிசுத்துவிடும். அலமாரியில் வைத்த சப்பாத்தின் அடி தானாக உதிருமே, அதே வியாதிதான். வாங்கி மூலையில் போட்டு வைப்பதில் அர்த்தமில்லை.

#6 கிராணி_கணக்கு

பேட் ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 19.5 ஜூல் ஆற்றலை 2 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் சராசரி விசை சுமார் 975 நியூட்டன், ஏறக்குறைய 100 கிலோ பாரம் அழுத்துவது மாதிரி. பேட் 1 செ.மீ. கூட அமுங்கி 3 செ.மீ. ஆனால் 650 நியூட்டன். உடம்பும் சேர்ந்து பின்னால் போவதால் நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறைவு, விகிதம் மட்டும் அப்படியே நிற்கும். பேட்டின் தடிமன் முக்கியமில்லை. அதில் எவ்வளவு அமுங்குகிறது என்பதே கணக்கு.

எடை கூட்டினாலும் குறையும். 4.1 கிலோ ரைபிளில் 400 கிராம் ஏற்றினால் 16 ஜூல் ஏறக்குறைய 14.7 ஆகிறது. நம்பர் 4-இன் பட்டுக்குள் எண்ணெய்க் குப்பியும் துடைப்புக் கயிறும் வைக்கும் குழி இருக்கிறதே, அதில் ஈயம் போடலாம். ஆனால் துணியில் சுற்றி ஆடாமல் திணிக்க வேண்டும், ஆடும் ஈயம் உதையோடு தானும் ஒரு இடி இடிக்கும். பின்பக்கம் பாரம் ஏறினால் முனை லேசாகி மேலே எகிறும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குண்டின் எடையைக் குறைத்தால் உதை குறையும் என்று யாராவது சொல்வதற்கு முன்: 150 கிரெய்ன் தோட்டாவில் குண்டு 9.7 கிராம், ஆனால் வேகம் 820-க்கு மேல், மருந்தும் கொஞ்சம் கூட. பெருக்கிப் பார்த்தால் உந்தம் 174-க்கு உள்ளது போலவேதான் வருகிறது. டப்பாவில் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

#7 தச்சுப்பட்டறை

எல்லோரும் தோளையே பேசுறீங்க. மரத்தை யாரும் பார்க்கல. பழைய ரைபிளில் முதல் வேலை கட்டை இறுக்கம்.

ரைபிளைக் காலி பண்ணி, தோட்டா அறையில் விரல் விட்டுப் பார்த்துட்டு, பட்டை ஒரு கையிலும் உடலை ஒரு கையிலும் பிடிச்சு முறுக்குங்க. 'டக்'னு ஒரு சின்ன அசைவு இருந்தாலும், சுடும்போது உலோகம் முதலில் ஓடிவந்து கட்டையை இடிக்கும், பிறகு கட்டை தோளை இடிக்கும். ஒரே தள்ளலா வர வேண்டியது இரண்டு அறையா வரும். "கூர்மையா உதைக்குது"ன்னு சொல்றவங்க துப்பாக்கியில் பாதிக்குப் பாதி இதுதான்.

லீ என்ஃபீல்டு பட்டை ஒரே ஒரு நீள போல்ட் பிடிச்சிருக்கு. பட் தகட்டின் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே அடைச்சிருக்கும் தோல் அல்லது கம்பளி அடைப்பைக் கொக்கிக் கம்பியால் இழுத்து எடுத்துட்டு, 30 செ.மீ. நீளமுள்ள பெரிய திருப்புளியால் இறுக்கணும். வாய் அகலமான திருப்புளி. குறுகலானது போட்டா போல்ட் தலையைத் தின்னுடும். நம்பர் 5-இல் இந்தக் கதவு கிடையாது, ரப்பர் பேட்டோடு தகட்டைக் கழற்றினால்தான் போல்ட் தெரியும்.

கவனம்: நம்பர் 1 மார்க் 3 வைத்திருப்பவர்கள் முன்கட்டையைக் கழற்றாம இந்த போல்ட்டைத் தொடக்கூடாது. அதன் நுனி சதுரமா முன்னால் நீட்டி, முன்கட்டையின் பின்தகட்டில் மாட்டி நிற்கும். அப்படியே திருப்பினால் முன்கட்டையின் வால் பிளந்துடும். நம்பர் 4, நம்பர் 5-இல் பொதுவா இந்த மாட்டல் இல்லை. இருந்தாலும் பார்த்துட்டுத் திருப்புங்க.

அடுத்தது முன்கட்டை. உடல் பின்னால் வரும்போது அந்த அடியை வாங்குவது கட்டையின் பின்பக்கம் இரண்டு பக்கத்திலும் இருக்கும் சின்ன மர முகங்கள். வருடக்கணக்கா எண்ணெய் ஊறி அந்த மரம் பஞ்சாயிடும். பிடியைத் தளர்த்தி, முன்கட்டையைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. அசைந்தா அங்கே மரம் தேய்ந்திருக்கு. ஆஸ்திரேலிய லித்கோ ரைபிள்களில் மரம் மென்மைன்னு அந்த இடத்துக்குச் செம்புத் தகடே வெச்சாங்க, அவ்வளவு முக்கியமான இடம்.

இன்னும் ஒரு ஏமாற்று இருக்கு. விசைக்காப்பின் (சுடும் விசையைச் சுற்றி இருக்கும் வளைவு) முன் திருகு உள்ளே ஒரு உலோக வளையத்தில் போய் நிற்கும். மரம் காய்ந்து சுருங்கினா திருகு வளையத்தில் முட்டி "இறுகிடுச்சு"ன்னு கைக்குச் சொல்லும், மரமோ இன்னும் தளர்வா இருக்கும். திருகு இறுக்கமா இருக்கேன்னு நம்பக்கூடாது. கட்டையை ஆட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

#8 லயத்துக்குருவி

அண்ணே, நம்பர் 5-இல் முன்கட்டை அசையுது. மெல்லிசா, ஆனா அசையுது. இதை வைத்து இன்னும் சுடலாமா?

#9 தச்சுப்பட்டறை

நிறுத்துங்க. அசையும் கட்டையில் ஒவ்வொரு சுடலும் ஒரு ஆப்பு அடிப்பதுதான். விரிசல் முதலில் கட்டையின் பின்முனையில் நூல் மாதிரி வரும்.

சரி பண்ணும் முறை: எண்ணெய் ஊறிய மரத்தை ஸ்பிரிட்டில் (எரிசாராயம்) நனைத்த துணியால் பல தடவை ஒற்றி, எண்ணெய் வராத வரைக்கும் எடுக்கணும். இந்த ஈரக் காற்றில் அதுக்கே ஒரு வாரம் ஆகும். பிறகு தேய்ந்த முகத்தை ஒரு மி.மீ. சமமாச் சீவி, கடின மரத்துண்டு ஒன்றை அரால்டைட்டில் ஒட்டணும். நார் ஓடும் திசை உடலை நேராப் பார்க்கிற மாதிரி, குறுக்கே வைத்தால் மறுபடி அமுங்கிடும். உடல் உலோகத்தில் கிவி பாலிஷ் இரண்டு பூச்சு தேய்ச்சுட்டு மாட்டுங்க. இல்லைன்னா ரைபிளும் கட்டையும் கல்யாணம் பண்ணிக்கும், பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முட்டணும். ஒரு பக்கம் மட்டும் முட்டினா அந்தப் பக்கம்தான் அடுத்து பிளக்கும்.

சங்கத்துத் துப்பாக்கி என்பதால் இதை நீங்களா வீட்டில் செய்யாதீங்க. உரிமம் உள்ள ஆயுதக் கடைக்குச் செயலாளர் மூலமாப் போகட்டும். 1960 ஆயுதச் சட்டம் நம் ஊரில் விளையாட்டு இல்லை.

#10 ஒத்தக்குழல்

பட்டுல நல்ல தடிமனான பேட் வேணும்னா மரத்துல ஒரு இன்ச் அறுத்துட்டு வைக்கலாமே? நீளமும் கூடாது.

#11 தச்சுப்பட்டறை

வேண்டவே வேண்டாம். அறுத்த மரம் வளராது. லீ என்ஃபீல்டுக்கு அந்த அவசியமே இல்லை, பட் நான்கு நீளத்தில் வந்தது. பட்டின் மேல் பக்கம் முத்திரை பாருங்க: எல் எழுத்து இருந்தா நீளம், எஸ் இருந்தா குட்டை, பி இருந்தா அதைவிடக் குட்டை, எழுத்தே இல்லைன்னா சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. வித்தியாசம். சாதாரண பட்டில் விசையிலிருந்து தகடு வரை சுமார் 33 செ.மீ.

2.5 செ.மீ. உறை பேட் (பட் நுனியில் உறை மாதிரி இழுத்து மாட்டுறது) மாட்டணும்னா பட்டை ஒரு படி குட்டையா மாற்றுங்க. புது பட்டின் கழுத்து உலோகக் குழிக்குள் இறுக்கமா, மரச்சுத்தியால் தட்டித்தான் இறங்கணும். கையால் நழுவிப் போனா அது அந்த ரைபிளுக்கு ஆகாது.

#12 குறிமேடை

நீளம் சரியா என்று பார்க்க முழங்கையில் வைத்து அளக்கும் முறை ஒன்று சொல்வார்கள், அது சுமார் ரகம்தான். சுடும் நிலைக்கு வந்து கன்னத்தை வைத்த பிறகு, பிடியில் இருக்கும் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் பட் குட்டை, உதையில் கட்டைவிரலே மூக்கைக் குத்தும். நிறைய இடம் இருந்தால் பட் நீளம், தோள்குழியை விட்டு நழுவிக் கைச் சதையில் போய் நிற்கும். கைச் சதையில் நின்ற ரைபிள்தான் நீலம் பூக்க வைப்பது.

இப்போது மேசை. லயத்துக்குருவி, உங்கள் வலியில் பெரிய பங்கு அங்கே இருக்கிறது. நின்று சுடும்போது உடம்பு முழுவதும் ஒரு அடி பின்னால் ஆடிக்கொடுக்கும். மேசையில் குனிந்து நெஞ்சை ஒட்டி உட்கார்ந்தால் உடம்புக்குப் போக இடம் இல்லை, மொத்தமும் தோள் எலும்பு வாங்கும். மேசை தாழ்வாக இருந்தால் இன்னும் மோசம்: குனியக் குனிய பட் தோள்குழியிலிருந்து காறை எலும்புக்கு ஏறிவிடும்.

முன்கட்டைக்கு அடியில் மணல்மூட்டையை உயர்த்துங்கள், தலை நிமிர்ந்து கண் குறிக்கு வரும் அளவுக்கு. நெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு கைமுட்டி இடம் விடுங்கள். வலது முழங்கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கினால் தோளில் ஒரு குழி தானாக விழும், பட் அங்கேதான் போக வேண்டும். பட்டின் முழு உயரமும் தோளில் படியட்டும். கீழ்முனை மட்டும் பட்டால் பாதித் தகட்டில் முழு உதை. பிறகு பின்னால் இழுத்துப் பிடியுங்கள். பயத்தில் பட்டைத் தோளிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு விரல் இடைவெளியில் ரைபிள் ஓடிவந்து குத்தும்.

கன்னமும் அப்படித்தான், அழுத்தமாக வைத்தால் கட்டையோடு சேர்ந்து போகும். தொட்டும் தொடாமலும் வைத்தால் அறை விழும்.

#13 செம்பனைக்காவல்

மேசையில் பட்டுக்குப் பின்னால் மணல்மூட்டையை முட்டுக் கொடுத்துச் சுடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தோளுக்கு சுகமாக இருக்கும், கட்டைக்குக் காலன். ரைபிள் நகர இடமில்லாததால் உதை முழுவதும் கட்டையின் கழுத்தில் இறங்கும், எழுபது வருட மரம் அங்கேதான் பிளக்கும். முன்னால் மட்டும் மூட்டை வையுங்கள். பின்மூட்டை பட்டின் அடிவயிற்றைத் தாங்கினால் போதும், பின்முகத்தைத் தொடக்கூடாது.

303-ஐப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பன்றிக்கு வைத்திருக்கும் ஒற்றைக்குழல் ஷாட்கன் அதைவிட அதிகம் உதைக்கும். 2.7 கிலோ துப்பாக்கி, 32 கிராம் ரவை, வேகம் 400: கிராணி சொன்ன வழியில் போட்டுப் பாருங்கள், 40 ஜூல் அளவைத் தாண்டும். இளம் செம்பனைக் குருத்தைத் தின்ன வரும் பன்றிக்கு ஒன்று அல்லது இரண்டு வெடிதான் என்பதால் யாரும் உணர்வதில்லை.

பழைய பிரிட்டிஷ் 12 போர் ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு: குழலின் அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். இரண்டரை அங்குலம் அல்லது 65 மி.மீ. என்றிருந்தால் 70 மி.மீ. தோட்டா போடக்கூடாது. "உள்ளே நன்றாகப் போகுதே" என்பார்கள். போகும்தான், ஏனென்றால் டப்பாவில் எழுதியிருப்பது வெடித்து விரிந்த பிறகான நீளம். மடித்த வாயோடு அது 60 மி.மீ.கூட வராது. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் கூம்புக்குள் நுழைந்து வழியை நெருக்கும், அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். திடீரென்று உதை கூடியதாகத் தோன்றினால் தோளைத் தடவாமல் தோட்டா டப்பாவைப் பாருங்கள்.

#14 ஒத்தக்குழல்

அறையில எண்ணெய் இருந்தாலும் உதை கூடும்னு சொல்றாங்களே, 303-க்கு?

#15 குறிமேடை

பாதி சரி. எண்ணெய் தோளில் வரும் உதையைக் கூட்டாது, தோட்டா அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட்டில் விழும் அடியைக் கூட்டும். காய்ந்த அறையில் பித்தளை உறை வெடிக்கும்போது சுவரைக் கவ்விப் பிடித்து அழுத்தத்தின் ஒரு பங்கைத் தாங்குகிறது. எண்ணெய் இருந்தால் வழுக்கிப் பின்னால் வந்து போல்ட் முகத்தில் இடிக்கும். லீ என்ஃபீல்டின் பூட்டு போல்ட்டின் பின்பக்கம் இருப்பதால் அது வளைந்து கொடுக்கும், குறியும் மேலும் கீழும் அலையும். நம் ஈரத்துக்குப் பயந்து எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டி வைக்கிறோம், அது சரி. சுடும் நாளில் அறையையும் குழலையும் காய்ந்த துணியால், துணி சுத்தமாக வரும்வரை துடைத்துவிட்டுத்தான் முதல் தோட்டா.

அடி கீழே இறங்குவதற்கு வருகிறேன். அது ரைபிளின் வேலை இல்லை. உதைக்குப் பயந்து விசை விழும் முன்பே தோள் முன்னால் தள்ளுகிறது, முனை கீழே குத்துகிறது. நம்பர் 5-இல் இது சீக்கிரம் வரும், ஏனென்றால் குட்டைக் குழலின் சத்தமும் தீயும் முகத்துக்கு அருகில். மூளை சத்தத்தையும் உதையையும் பிரித்துப் பார்க்காது. 303-இன் வெடிச்சத்தம் 150 டெசிபலுக்கு மேல், காதுக்கு 140-ஏ எல்லை. காதுக்குள் பஞ்சு ரகத் தக்கை, அதன் மேல் மூடி, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். "உதை குறைந்துவிட்டது" என்று நீங்களே சொல்வீர்கள்.

பயத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி: மேசைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, இன்னொருவர் ரைபிளின் தோட்டாப் பெட்டியில் ஐந்து நிஜத் தோட்டாவும் இரண்டு வெற்றுத் தோட்டாவும் (வெடிக்கவே வெடிக்காத டம்மி) கலந்து நிரப்பட்டும், உங்களுக்கு வரிசை தெரியக்கூடாது. வெற்றுத் தோட்டாவில் 'க்ளிக்' விழும்போது முனை தலையாட்டினால் நோய் அதுதான். முனை அசையாமல் நின்றால் நோய் இல்லை. இருந்தால் அன்றைக்கு 303-ஐ மூடி வைத்துவிட்டு உதை குறைந்த 22 ரைபிளில் முப்பது சுடுங்கள். அடுத்த வாரம் ஐந்து 303, பத்து 22, மறுபடி ஐந்து 303. 303 ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். தோள் சிவந்த பிறகு போடும் ஒவ்வொரு தோட்டாவும் பயத்தைத்தான் பழக்கும்.

தோள் அறுவை செய்தவர்கள், இதயக் கருவி வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் பட் வைக்கக்கூடாது.

#16 லயத்துக்குருவி

பேட்டில் நகம் இறங்கவே இல்லை. பட்டில் எஸ் முத்திரை இருக்கு. கட்டை வேலைக்குச் செயலாளரிடம் சொல்லியாச்சு. அது வரும்வரை நம்பர் 4-இல் சுடும்போது தோளில் மாட்டும் பேட் ஒன்று வாங்கலாமா, இல்லை உறை பேட்டா?

#17 குறிமேடை

தோளில் மாட்டுவது. மற்ற ரைபிளுக்கும் ஆகும், சங்கத்துக் கட்டையில் கை வைக்கவும் வேண்டாம். வார் மார்பில் இறுக்கமாக இருக்கட்டும், வியர்வையில் நழுவினால் பேட் ஓரிடம், உதை ஓரிடம். மெல்லிய பனியனுக்கு மேலே போடுங்கள், அதற்கு மேல் சட்டை.

#18 தச்சுப்பட்டறை

எஸ் பட்டா? அப்போ புது ரப்பர் பேட்டை அதே அளவில் போட்டாலே போதும், உறை பேட் கூடுதலா வேணும்னா 2 செ.மீ. வரை தாங்கும். பழைய பேட்டைக் கழற்றும்போது திருகு வரலைன்னா வம்பு பண்ணாதீங்க. சாலிடர் இரும்பின் நுனியை ஒரு நிமிடம் திருகு தலையில் வைங்க, சூட்டில் துரு விடும்.

#19 லயத்துக்குருவி

சரிண்ணே. மேல் திருகு வந்துடுச்சு, கீழ்த் திருகுதான் முரண்டு பிடிக்குது. சூடு வைத்துப் பார்க்கிறேன்.